பி.08 லூகர், பி.38 வால்தர்: வரிசை எண்ணையும் கழுகு முத்திரையையும் படிப்பது எப்படி?

பழையஇரும்பு:
வணக்கம். ஏலத்துக்கு வந்திருக்கும் ஒரு பி.08 (ஜெர்மன் ராணுவத்தின் லூகர் கைத்துப்பாக்கி) பற்றிக் கேட்கிறேன். டாகிள் (மேலே மடங்கும் மூட்டு) மேல் பிஒய்எஃப் என்று இருக்கிறது, சேம்பர் (தோட்டா அமரும் அறை) மேல் 41. ஃபிரேமின் முன்பக்கம் 4417, அதன் கீழே சின்ன எக்ஸ். ரிசீவரின் (பேரல் திருகப்பட்டிருக்கும் மேற்பகுதி) இடது பக்கமும் 4417. வலது பக்கம் கழுகு/135 (கழுகின் கீழே 135) இரண்டு முறை, அதை அடுத்து ஸ்வஸ்திகா பிடித்த கழுகு ஒன்று. சைட்பிளேட்டில் (பக்கத் தகடு) 17, டிரிகரில் 17, டேக்டவுன் லிவரில் (பிரிக்கும் நெம்புகோல்) 71. கிரிப் கருப்பு பேக்கலைட். மேகசினில் எஃப்எக்ஸ்ஓ என்று இருக்கிறது, எண் இல்லை.

விற்பவர் "எண்கள் முழுவதும் பொருத்தம், எஸ்எஸ் அதிகாரி வைத்திருந்தது, அபூர்வமான பிளாக் விடோ" என்று எழுதியிருக்கிறார். எண்ணை வைத்து இது யார் கையில் இருந்தது என்று தேட வழி உண்டா?

ஓபெர்ன்டோர்ஃப்:
யார் கையில் இருந்தது என்பதை எண் சொல்லாது. இந்த எண் இந்தச் சிப்பாய்க்கு என்று தேடிப் பார்க்கும்படியான பதிவேடு எதுவும் கிடையாது. எங்கே, எப்போது செய்தார்கள், எந்தப் பரிசோதகர் அலுவலகம் ஏற்றுக்கொண்டது, பாகங்கள் ஒன்றோடொன்று பிறந்தவையா, இவற்றை மட்டும் எண்ணும் முத்திரையும் சேர்ந்து சொல்லும். அதையே ஒழுங்காகப் படித்தால் விற்பனை விளம்பரத்தில் பாதி உதிர்ந்துவிடும்.

முதலில் எண். ராணுவத்துக்குச் செய்த பி.08-இல் ஒவ்வோர் ஆண்டும் 1-இலிருந்து தொடங்கி 10000 வரை வெறும் எண்ணாகப் போகும். பிறகு மறுபடி 1, ஆனால் பின்னால் ஏ. அந்தப் பத்தாயிரம் முடிந்தால் பி. இப்படியே சின்ன எழுத்துகள் நகரும். ஆண்டு மாறினால் எழுத்தும் எண்ணும் மீண்டும் தொடக்கத்துக்கு வந்துவிடும். ஆகவே "என்னுடையது 4417" என்று மட்டும் சொன்னால் பயனில்லை. 4417 எல்லா ஆண்டிலும் உண்டு, ஒரே ஆண்டுக்குள்ளும் பல உண்டு. தொழிற்சாலைக் குறி, ஆண்டு, எண், பின்னெழுத்து நான்கும் சேர்ந்தால்தான் ஒரு துப்பாக்கி. உங்களுடையது மௌசர் (பிஒய்எஃப் அதன் குறி), 1941, 4417 எக்ஸ். எக்ஸ் என்பதால் அந்த ஆண்டின் கடைசிப் பகுதி. அங்கே கழுகு/135 என்ற பரிசோதகர் முத்திரை இருப்பது சரி. மௌசரில் 1939 வரை கழுகு/63, அதன் பிறகு 655, 1941-க்குள் 655 போய் 135 வந்தது. தொடக்க எழுத்துள்ள 1941 துப்பாக்கியில் 135 இருந்தால் அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

எல்லோரையும் குழப்புவது 42. டாகிள் மேல் 42 இருந்தால் அது ஆண்டல்ல, ஓபெர்ன்டோர்ஃபில் இருந்த மௌசர் தொழிற்சாலையின் குறி. சேம்பர் மேல் 42 இருந்தால் 1942. 1934-இல் எஸ்/42 என்று தொடங்கினார்கள், வெர்சாய் உடன்படிக்கைக் காலத்தில் யார் செய்கிறார்கள் என்பது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. அந்த ஆண்டைக்கூட எழுதவில்லை, சேம்பரில் கே போட்டார்கள். 1935-க்கு ஜி. 1936 முதல் நான்கு இலக்கத்தில் ஆண்டு வெளிப்படையாக வந்தது, 1941-இலிருந்து இரண்டு இலக்கம். 1939-இல் எஸ் விழுந்து வெறும் 42 ஆயிற்று, 1941-இல் பிஒய்எஃப். அதனால் டாகிளில் 42, சேம்பரில் 41 என்ற துப்பாக்கியும் உண்டு, டாகிளில் பிஒய்எஃப், சேம்பரில் 42 என்பதும் உண்டு. இரண்டும் அசல்.

பிளாக் விடோ என்பது போருக்குப் பிறகு அமெரிக்கச் சந்தையில் வைத்த பெயர். ஜெர்மன் ராணுவத்தில் அப்படி ஒரு வகையே இல்லை. 1941, 1942 பிஒய்எஃப் துப்பாக்கிகள் கருப்பு பேக்கலைட் கிரிப்போடும் வந்தன, வால்நட் கிரிப்போடும் வந்தன. கிரிப்பை மாற்றுவதற்கு இரண்டு திருகு போதும் என்பதால் அதற்காக அதிக விலை கொடுக்க வேண்டாம்.

பூதக்கண்ணாடி:
ஓபெர்ன்டோர்ஃப் அண்ணன் சொன்னதோடு, கையில் எடுத்துப் பார்க்கும் முறையையும் எழுதுகிறேன். படங்களில் பாதி முத்திரை தெரியாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம்தான்.

மேகசினை எடுங்கள், டாகிளைப் பின்னால் இழுத்து சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பி.08-இல் இது சம்பிரதாயம் இல்லை. சியர் பார் (ஃபயரிங் பின்னைப் பிடித்து வைத்து விடும் பாகம்) ரிசீவரின் பக்கவாட்டில் இருக்கிறது. தோட்டா உள்ளே இருந்தால், ஃபிரேமிலிருந்து கழற்றி எடுத்த மேற்பகுதி தனியாகவே வெடிக்கும். "பிரித்துவிட்டோம், இனி ஒன்றும் ஆகாது" என்ற எண்ணத்தில் சியர் பாரை விரலால் அழுத்தியவர்களுக்கு விபத்து நடந்திருக்கிறது.

பிறகு பேரலைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் பிடித்தபடி டேக்டவுன் லிவரைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். சைட்பிளேட் கழன்று வரும், மேற்பகுதி முன்னால் நழுவும். கிரிப்பைத் தேவையில்லாமல் கழற்றாதீர்கள். இடது கிரிப்பில் சேஃப்டி லிவரை ஒட்டிய மூலை எளிதில் உடையும், சந்தையில் பாதி லூகர்களில் அந்த மூலை இல்லை.

எண் தேடும் இடங்கள்: ஃபிரேம் முன்பக்கம் எண்ணும் பின்னெழுத்தும் சேர்ந்து, ரிசீவர் இடது பக்கம் எண், பேரலின் அடிப்பக்கம் எண்ணும் பின்னெழுத்தும். மீதிச் சிறு பாகங்களில் கடைசி இரண்டு இலக்கம்: சைட்பிளேட், டேக்டவுன் லிவர், டிரிகர், சேஃப்டி லிவர், அதன் உள்ளே இருக்கும் தட்டு, சியர் பார், பிரீச் பிளாக், எக்ஸ்டிராக்டர், டாகிளின் நடுப்பகுதியும் பின்பகுதியும், பின் டாகிள் பின், ஃபயரிங் பின், ஹோல்ட்-ஓபன். மரக் கிரிப்பின் உள்பக்கமும் பாருங்கள். ஏலக்காரர்கள் வெளியே தெரியும் மூன்று நான்கு இடத்தை மட்டும் படம் போட்டுவிட்டு "முழுப் பொருத்தம்" என்பார்கள். ஃபயரிங் பின், ஹோல்ட்-ஓபன், பேரல் அடி மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மாற்றிய பாகம் அங்கேதான் அகப்படும்.

பேரலும் ரிசீவரும் சேரும் இடத்தில் அடியில் ஒரு கோடு இரண்டிலும் தொடர்ந்து வெட்டப்பட்டிருக்கும். அது நேராகச் சேராவிட்டால் பேரலைத் திருகிக் கழற்றியிருக்கிறார்கள். பேரலில் எண் பொருந்தினாலும் இதைப் பார்க்காமல் விடாதீர்கள்.

வெளிச்சம்: பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி), ஒரே ஒரு விளக்கு, அதுவும் பரப்புக்கு மிகத் தாழ்வான கோணத்தில். நேர் மேலிருந்து ஃபிளாஷ் அடித்தால் ஆழம் குறைந்த முத்திரை மறைந்துவிடும். விளக்குக்கு முன்னால் ட்ரேசிங் பேப்பர் வைத்தால் பளபளப்பு அடங்கும். ஒரே முத்திரையை நான்கு திசையிலிருந்தும் விளக்கை நகர்த்தி எடுங்கள். 3-ஆ 8-ஆ என்ற சண்டை அப்போது தீரும். அழுக்கு அடைத்திருந்தால் மெல்லிய எண்ணெய், மென்மையான பல் துலக்கும் பிரஷ். கம்பி பிரஷ், உப்புத்தாள், துரு நீக்கி வேண்டவே வேண்டாம். ப்ளூயிங் (எஃகின் நீலப் பூச்சு) போனால் ஆதாரமே போயிற்று.

செல்லாமெஹ்லிஸ்:
பி.38 (லூகருக்குப் பின் வந்த ஜெர்மன் ராணுவக் கைத்துப்பாக்கி) வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். இங்கே தொழிற்சாலை மூன்று, ஒவ்வொன்றின் பழக்கமும் வேறு.

வால்தர், செல்லா-மெஹ்லிஸ். பூஜ்யத்தில் தொடங்கும் எண்கள், அதாவது 01 முதல் சுமார் 013000 வரை. ராணுவத்துக்குச் செய்தவற்றில் வால்தர் என்று எழுதிய பட்டை முத்திரையோடு வந்தவை இவைதான். முதல் ஆயிரத்தை ஒட்டியவற்றில் எக்ஸ்டிராக்டர் வெளியே தெரியாது. அதன் பின் 1940-இல் கொஞ்ச காலம் 480 என்ற குறி, சுமார் ஏழாயிரம். பிறகு ஏசி. முதலில் ஆண்டு இல்லாமல், அடுத்து 40 சேர்த்து, அப்படியே ஏசி 45 வரை. எண் ஆண்டுதோறும் மறுபடி 1. ஏற்பு முத்திரை கழுகு/359. ஸ்லைடின் வலது பக்கம் 359, நடுவில் ஸ்வஸ்திகா பிடித்த கழுகு, மறுபடி 359. நடுவில் உள்ளது சுட்டுப் பார்த்ததற்கான முத்திரை, இரு பக்கமும் உள்ளவை பரிசோதகருடையவை. இரண்டையும் ஒன்றாக எண்ணி "மூன்று வாஃபெனாம்ட்" (ராணுவ ஆயுத அலுவலக முத்திரை) என்று எழுதுவது தவறு.

மௌசர், 1942 கடைசியில் பிஒய்எஃப் 42 என்று தொடங்கி, 1945-இல் குறி எஸ்விடபிள்யூ ஆனது. கழுகு/135.

ஸ்பிரேவெர்க், கிராட்டாவ், இன்றைய செக் நாட்டின் ஹ்ராடெக் நாட் நிசோவ். குறி சிஒய்க்யூ, கழுகு/88. இதில் ஆண்டே கிடையாது. எண்ணும் ஆண்டுக்கு ஆண்டு மறுபடி தொடங்காது, எழுத்து வரிசை தொடர்ந்து ஓடும். அதனால் காலத்தைக் கணிக்க எழுத்து மட்டுமே வழி. பட்டறை வெட்டுத் தடம் அப்படியே தெரியும், ப்ளூயிங் முரடாக இருக்கும். அதைப் பார்த்துக் கள்ளச் சரக்கு என்று முடிவு கட்டாதீர்கள், அந்தத் தொழிற்சாலையில் அவசரமாகச் செய்தது அப்படித்தான் இருக்கும். முத்திரையச்சில் ஒய்யின் வால் உடைந்த பிறகு அடித்தவை சிவிக்யூ போலப் படிக்கும். அந்தப் பெயரில் தனித் தொழிற்சாலை எதுவும் இல்லை.

முழு எண் ஸ்லைடு, ஃபிரேம், பேரல் மூன்றிலும் இருக்கும். ஸ்லைடைக் கழற்றிப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். பின் சைட்டுக்கு அருகில் உள்ள மேல்மூடியை நெம்பினால் உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங்கும் பின்னும் பறந்துவிடும், அங்கே படிக்க எண் எதுவும் இல்லை.

கிழக்குக்காற்று:
செல்லாமெஹ்லிஸ் சார், ஒரு சந்தேகம். சிஒய்க்யூ ஒன்றில் ஸ்லைடில் 88, ஆனால் பேரலில் எஃப்என்எச் என்றும் கழுகு/76 என்றும் இருக்கிறது. எண் மூன்றும் ஒன்றுதான். பேரல் மாற்றியதா?

செல்லாமெஹ்லிஸ்:
இல்லை தம்பி. எஃப்என்எச் என்பது பொஹெமிய ஆயுதத் தொழிற்சாலையின் குறி, 76 அங்கிருந்த பரிசோதகருடையது. அவர்கள் ஸ்பிரேவெர்க்குக்குப் பேரல் அனுப்பினார்கள். அதேபோல் பெல்ஜியத்தின் எஃப்என் தொழிற்சாலை ஃபிரேமும் ஸ்லைடும் செய்து கொடுத்தது, அவற்றில் கழுகு/140 இருக்கும். ஆக, முத்திரை வேறுபட்டாலும் எண் ஒன்றானால் அது தொழிற்சாலையிலேயே சேர்ந்தது. முத்திரை ஒத்து எண் வேறுபட்டால் பிற்காலத்தில் கோத்தது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல துப்பாக்கியை விட்டுவிடுகிறார்கள்.

ரஷ்யஎக்ஸ்:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். "பிற்காலத்தில் கோத்தது" என்றால் உடனே மதிப்பில்லாதது என்று இங்கே பலர் எடுத்துக்கொள்வார்கள். சோவியத் படை கைப்பற்றியவற்றை மொத்தமாகப் பிரித்து, எண்ணெயில் ஊற வைத்து, மறுபடி ப்ளூயிங் செய்து, கைக்கு வந்த பாகத்தைச் சேர்த்துக் கிடங்கில் வைத்தார்கள். அடையாளங்கள்: ஃபிரேமில் அடித்த எக்ஸ் முத்திரை, பழைய எண்ணைக் கோடு போட்டு அடித்துவிட்டு மின் எழுத்தாணியால் கீறிய புது எண், மேகசினிலும் கீறிய எண், எல்லாப் பாகத்திலும் ஒரே கறுநீலம், சில கிரிப்புகளில் ஷெல்லாக். 1990-களில் சந்தைக்கு வந்தவற்றில் இது ஏராளம். கிழக்கு ஜெர்மனியில் போலீசுக்காகப் புதுப்பித்தவற்றில் கதிர் விரிந்த சூரியன் போன்ற முத்திரை இருக்கும். இவை ஏமாற்று வேலை அல்ல, அந்தத் துப்பாக்கியின் அடுத்த பணிக்காலம். விலை குறைவு என்பது உண்மை. ஆனால் சுட்டுப் பழகவும் ஆராயவும் இதைவிட நல்ல தேர்வு இல்லை.

ஏமாற்று எது என்றால், இப்படிப்பட்ட எண்ணை அரைத்தெடுத்துப் புதிதாகப் பொருந்தும் எண் அடித்து "முழுப் பொருத்தம்" என்று விற்பது.

ஓபெர்ன்டோர்ஃப்:
ஒத்துக்கொள்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் பற்றியும் ஒரு வரி சேர்க்க வேண்டும். ஏப்ரல் 1945-இல் ஓபெர்ன்டோர்ஃப் அவர்கள் கைக்குப் போனது, தொழிற்சாலையை 1946 வரை ஓட்டினார்கள். சாம்பல் நிற பாஸ்பேட் பூச்சோடு எஸ்விடபிள்யூ 45, எஸ்விடபிள்யூ 46 என்று வரும் பி.38-களில் ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் அது பிரெஞ்சு முத்திரை. 46 என்று இருந்தால் எந்த ஜெர்மன் சிப்பாயும் அதைத் தொட்டிருக்க முடியாது. "போர் முனையில் கைப்பற்றியது" என்ற கதையோடு இவை வருவதுண்டு.

பூதக்கண்ணாடி:
அரைத்து மறுபடி அடித்ததைக் கண்டுபிடிக்க: அடித்த முத்திரையைச் சுற்றி உலோகம் லேசாக உப்பும், லூப்பில் விளிம்பு தெரியும். அந்த இடம் மட்டும் தட்டையாகவோ பள்ளமாகவோ இருந்தால் அரைத்திருக்கிறார்கள். ஒரு எஃகு அளவுகோலின் விளிம்பைப் பரப்பின் மேல் நிறுத்தி, எதிரே வெளிச்சம் வைத்தால் பள்ளத்தின் வழியே ஒளி கசியும். அடுத்து எழுத்துருவைப் பாருங்கள். ஒரே தொழிற்சாலையின் 4, 7 எல்லாப் பாகத்திலும் ஒரே வார்ப்பில் இருக்கும். ஃபிரேமில் மூடிய தலையுள்ள 4, சைட்பிளேட்டில் திறந்த தலையுள்ள 4 என்றால் கேள்வி கேளுங்கள்.

1937 வரை மௌசரில் துரு ப்ளூயிங், சிறு பாகங்கள் வைக்கோல் நிறம். 1937-இல் உப்புக் குளியல் ப்ளூயிங்குக்கு மாறினார்கள், சிறு பாகங்களும் நீலமாயின. பழைய முறையில் பேரல் எண்ணை ப்ளூயிங்குக்குப் பிறகு அடித்ததால் எண்ணைச் சுற்றி வெளிர் வளையம் விழும். 1936 பேரலில் அந்த வளையம் இல்லாமல் எண்ணின் பள்ளத்துக்குள்ளும் ஒரே சீராக நீலம் இருந்தால் மறுபூச்சு. பிஒய்எஃப் 41-இல் வைக்கோல் நிற டிரிகர் இருந்தால் அழகுக்காக யாரோ மாற்றியது. வளையத்தைப் போலியாக உண்டாக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அதனால் இதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

கிழக்குக்காற்று:
கழுகின் கீழே எண் இல்லாமல் எழுத்து இருந்தால்?

செல்லாமெஹ்லிஸ்:
எண் இருந்தால் ராணுவ ஆயுத அலுவலகம், எழுத்து இருந்தால் பொதுவாகப் போலீஸ். மௌசர் பட்டை போட்ட போலீஸ் பி.08-களில் கழுகு/எல், பின்னால் கழுகு/எஃப். வால்தரின் சிறிய கைத்துப்பாக்கிகளான பிபி, பிபிகே-களில் கழுகு/சி, கழுகு/எஃப். ஒரே விலக்கு கழுகு/என். அது போலீசும் அல்ல, ராணுவமும் அல்ல, 1940 முதல் வந்த பொதுச் சோதனை முத்திரை. அதற்கு முன் அந்த இடத்தில் கிரீடம்/என். கழுகு/என் மட்டும் உள்ள பிபிகே-வை "ராணுவ முத்திரை" என்று விற்கிறார்கள். ராணுவம் எடுத்த பிபி என்றால் 359 இருக்க வேண்டும்.

பிபி, பிபிகே எண்ணில் இன்னொரு வழுக்கல் உண்டு. எண் பத்து லட்சத்தை நெருங்கியதும் மறுபடி 100000-ஐ ஒட்டித் தொடங்கி, பிபிக்குப் பின்னால் பி, பிபிகே-க்குப் பின்னால் கே சேர்த்தார்கள். பின்னெழுத்தைக் கவனிக்காமல் போரின்போது செய்ததை 1930-களின் தொடக்கம் என்று எழுதிவிடுவார்கள்.

மற்றவை சுருக்கமாக: சாவர் 38எச் கழுகு/37. எஃப்என் ஹை-பவர் முதலில் 613, பிறகு 103, கடைசியில் 140. போலந்தின் ராடோம் விஸ் கழுகு/77. ராடோமில் பேரல் செய்வதை மட்டும் ஆஸ்திரியாவின் ஸ்டையரில் வைத்துக்கொண்டார்கள், முழுத் துப்பாக்கி போலந்து எதிர்ப்பாளர் கைக்குப் போகக்கூடாது என்று. ஸ்லைடில் போலந்துக் கழுகு இருந்தால் அது 1939-இன் ஜெர்மன் ஆக்கிரமிப்புக்கு முந்தையது, தனி வரிசை, தனி விலை.

பழையஇரும்பு:
மிக்க நன்றி. அப்படியானால் எஸ்எஸ் கதையை எப்படி எடுத்துக்கொள்வது? ஆர்எஸ்எட்எம், கடற்படை முத்திரை இவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஓபெர்ன்டோர்ஃப்:
எதில் அதிக லாபமோ அதில்தான் போலி அதிகம். எஸ்எஸ் மின்னல் எழுத்து, பிபிகே-யில் நாஜிக் கட்சிக் கொள்முதல் அலுவலகத்தின் ஆர்எஸ்எட்எம் வட்டம், லூஃப்ட்வாஃபேவுக்காக (ஜெர்மன் விமானப்படை) கிரீகாஃப் நிறுவனம் செய்த பி.08, கடற்படையின் ஓ, என் எழுத்தோடு கூடிய சொத்து எண். இந்த நான்கிலும் முத்திரையை மட்டும் நம்பிப் பணம் கொடுக்கக்கூடாது. கடற்படையில் ஓ என்றால் பால்டிக், என் என்றால் வடகடல், கிரிப்பின் முன்பட்டையில் இருக்கும். கிரீகாஃப் என்றால் மொத்த ஒப்பந்தமே சுமார் பத்தாயிரம், ஏற்பு முத்திரை கழுகு/2. எண் அந்த வரம்புக்குள் இல்லாவிட்டாலோ பின்னெழுத்து இருந்தாலோ அங்கேயே நிறுத்திவிடலாம்.

முதல் உலகப் போர்த் துப்பாக்கியானால் நிலைமை வேறு. முன்பட்டையில் 154.ஆர்.3.27 போல இருந்தால் 154-ஆம் காலாட்படை ரெஜிமென்ட், 3-ஆம் கம்பெனி, 27-ஆம் ஆயுதம் என்று படிக்கலாம். 1909 விதிப்படி அடித்தது. அதோடு சேம்பரில் 1920 என்று இரண்டாவது ஆண்டு இருந்தால், அது செய்த ஆண்டு அல்ல, வைமார் அரசு தன் சொத்தென்று காட்ட அடித்தது. இரண்டாம் போர்க்காலத்துத் துப்பாக்கியில் இப்படிப்பட்ட படைப்பிரிவு முத்திரையை எதிர்பார்க்க வேண்டாம்.

தனி ஆளோடு ஒரு துப்பாக்கியை இணைக்கக் கூடிய நம்பகமான காகிதம் ஒன்று உண்டு. அமெரிக்கச் சிப்பாய்கள் கைப்பற்றியதை வீட்டுக்குக் கொண்டுபோக அவர்கள் அதிகாரி கையெழுத்திட்டுக் கொடுத்த அனுமதிச் சீட்டு. அதில் வகையும் எண்ணும் இருக்கும். எண் பொருந்துகிறதா, படைப்பிரிவு அந்தத் தேதியில் ஐரோப்பாவில் இருந்ததா என்று பாருங்கள். அந்தச் சீட்டும் கொண்டுவந்தவர் பெயரைத்தான் சொல்லும், வைத்திருந்த ஜெர்மானியர் பெயரைச் சொல்லாது. சீட்டுகளிலும் போலி உண்டு. பெரும்பாலும் பின்னெழுத்தை எழுதியிருக்க மாட்டார்கள், அதனால் மட்டும் சீட்டைத் தள்ளிவிடாதீர்கள்.

பூதக்கண்ணாடி:
பழையஇரும்பு, உங்கள் துப்பாக்கிக்கு வருவோம். டேக்டவுன் லிவரில் 71 என்பது 17-ஐத் தலைகீழாக அடித்துவிட்டதல்ல, வேறொரு துப்பாக்கியின் லிவர். துப்பாக்கிகளைக் கும்பலாகப் பிரித்துத் துடைக்கும்போது மாறிப்போகும் முதல் பாகம் அதுதான். விலையில் கணிசமாக அடிக்கும், ஆனால் துப்பாக்கி கெட்டதல்ல. விற்பவருக்கு இந்த ஒன்றை மட்டும் எழுதி, ஃபயரிங் பின், எக்ஸ்டிராக்டர், ஹோல்ட்-ஓபன், பேரல் அடி, பின் டாகிள் பின் ஐந்துக்கும் படம் கேளுங்கள். பேரலில் 4417 எக்ஸ் இருந்து, மீதி எல்லாம் 17 ஆனால் "ஒரு பாகம் தவிரப் பொருத்தம்" என்ற விலைக்குப் பேசுங்கள். பேரலில் எக்ஸ் இல்லாமல் வேறு எழுத்து இருந்தால் 4417 ஒத்தும் பயனில்லை, அது வேறு துப்பாக்கியின் பேரல்.

ஓபெர்ன்டோர்ஃப்:
மேகசின் பற்றி யாரும் சொல்லவில்லை. எஃப்எக்ஸ்ஓ என்பது சூலில் இருந்த ஹேனல், அதற்கு முன் அதே தொழிற்சாலை 122 என்று போட்டது. ஏற்பு முத்திரை கழுகு/37. அலுமினிய அடி உள்ள மேகசினில் துப்பாக்கியின் எண்ணும் பின்னெழுத்தும் அடித்திருப்பார்கள், கூட்டல் குறியும் இருந்தால் அது உறையில் வைக்கும் இரண்டாவது மேகசின். பேக்கலைட் அடி உள்ள எஃப்எக்ஸ்ஓ-வில் எண் அடிப்பதில்லை. ஆகவே உங்களுடையதில் எண் இல்லாதது குறை அல்ல, அந்தக் காலத்துக்குப் பொருத்தமான மேகசின்தான். ஆனால் விற்பவர் அதையும் "எண் பொருத்தம்" கணக்கில் சேர்த்திருந்தால் விலையிலிருந்து கழிக்கச் சொல்லுங்கள். முதுகுப் பக்கத்தில் கழுகு/37 இருக்கிறதா என்று ஒரு படம் கேட்டுவிட்டு இங்கே போடுங்கள்.